எழுத்தாட்டங்களும் அவற்றைக் காத்தோரும்

ஒரு நூல் அழியாது நிலைபெறுவதற்கு அதனைப் பூட்டி வைப்போர் வேண்டுமா, அன்றி அதனை எடுத்தாள்வோர் வேண்டுமா என்னும் வினா மிகப் பழையது. பட்டுத்துணியிற் பொதிந்து பரண்மீது வைத்த ஏடு செல்லுக்கு இரையானதையும், நாடோறும் படித்துப் படியெடுக்கப்பட்ட ஏடு நிலைத்து நின்றதையும் நாம் கேட்டிருக்கின்றோம். அவ்வினாவுக்கு விடை காணத் துணைசெய்யும் புதிய சான்றொன்று, இலக்கிய ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் எட்டிப் பாராத ஓரிடத்திலே கிடக்கின்றது. கணினியிலே எழுத்தினால் மட்டும் ஆடப்படும் சாகச ஆட்டங்களை, அவற்றிற் சுவை கண்ட அன்பர் சிலர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் காத்து வரும் வரலாறே அது. விளையாட்டைப் பற்றிக் கல்லூரி மலரொன்றிலே ஆராய்ச்சி எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் பொறுமையோடு சில பக்கங்கள் உடன்வருவாராக.

எழுத்தாட்டம் என்று ஈண்டு நாம் குறிப்பது யாது என்பதை முதற்கண் கூறுதல் முறை. ஆடுவோன் கணினித் திரையின் முன் அமர்கின்றான். திரையிலே ஓர் இடத்தின் வருணனை தோன்றுகின்றது: ஒரு கற்குகை, கிழக்கே ஒரு வழி, காலடியில் ஒரு பள்ளம், நிலத்திலே ஒரு விளக்கு. படம் இல்லை, ஒலி இல்லை. 'விளக்கை எடு', 'கிழக்கே செல்' என்றாற்போல ஆடுவோன் ஓர் ஏவல் வாக்கியத்தைத் தட்டெழுதுகின்றான். பொறி அதனைப் பகுத்தறிந்து, அதன் விளைவை மறுபடியும் எழுத்திலே சொல்லுகின்றது. கதை முழுவதும் முன்னிலையிலேயே நடக்கும். படர்க்கைக்கு அங்கே இடமில்லை. படிப்பவனே கதைமாந்தனாதலின் அவன் வழிகாணாவிடின் கதையும் அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஒரு கதவைத் திறக்க மாட்டாது மூன்று நாள் திகைத்திருந்து, நான்காம் நாள் வேறு வேலை செய்துகொண்டிருக்கையிலே விடை மின்னலெனத் தோன்றப் பெற்றவன் எவனோ அவனே இவ்வகையின் சுவையை முற்ற அறிந்தவன்.

இவ்வகைக்கு முதனூலாய் நிற்பது 'அட்வென்ச்சர்' என்பது. அமெரிக்காவில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரிலே, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முதல் வலையமைப்பை ஆக்கிய நிறுவனத்திற் பணிபுரிந்த வில் கிரௌதர் என்பார் 1975–76 அளவில் அதனை எழுதினார். அவர் ஓய்வு நேரத்திலே குகைகளுட் புகுந்து அளவை செய்யும் பழக்கமுடையவர். கென்டக்கி மாநிலத்து மமத் குகைத் தொகுதியின் ஒரு பகுதியாகிய பெட்குவில்ட் குகையை அவர் நன்கறிவார். மணமுறிவின் பின்னர்த் தம் பெண்மக்கள் இருவரும் விளையாடி மகிழும்பொருட்டு, அறிந்த அக்குகையையே ஆட்டமாக்கினார். கணினிப் பயிற்சி இல்லாத சிறுவருக்கென ஆக்கப்பட்டமையாலேதான் அதன் ஏவல்கள் அன்றாடப் பேச்சினின்றும் எடுத்த ஓரிரு சொற்களாய் அமைந்தன. பின் 1977இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவராயிருந்த டொன் வூட்ஸ் என்பார் அந்நிரலின் படியொன்றைக் கண்டெடுத்தார். ஆக்கியோன் எங்குள்ளார் என்பது தெரியாமையால், வலையமைப்பிலிருந்த கணினிகள் ஒவ்வொன்றுக்கும் கிரௌதர் பெயரிட்டு மடல் அனுப்பினாராம். அவ்வாறே அவரைக் கண்டு இசைவு பெற்றுத் தாமும் விரித்தெழுதினார். உலகெங்கும் பரவியது அந்த விரிநூலே. கிரௌதரின் மூலம் மறைந்துபோயிற்று.

இவ்விடத்திலேதான் திறனாய்வாளருக்கு வேண்டிய செய்தி ஒன்று வருகின்றது. மூலநூல் கையில் இல்லாதவிடத்து, கேள்வியே சான்றாகி வழங்குவது எங்கும் காணப்படும் இயல்பு. கிரௌதர் செய்தது உள்ள குகையை உள்ளவாறே காட்டிய வெறும் படியெனவும், குள்ளர், மந்திரச் சொற்கள் முதலிய புனைவு யாவும் வூட்ஸ் சேர்த்தவை எனவும் பலர் எழுதினர். ஒருவர் எழுதியதைப் பிறர் எடுத்தெழுத, அக்கூற்று நாளடைவில் ஐயமற்ற உண்மைபோல நின்றது. 'அளவையாளன் ஒருவன், கற்பனையாளன் ஒருவன்' என்னும் இந்தப் பிரிவினை செவிக்கு இனியது. ஒரு கலைவகை இவ்விரண்டின் சேர்க்கையாற் பிறந்தது என்று சொல்லுவதும் எளிது. எளிதும் இனிதுமான முடிவுகளை ஆராய்ச்சியாளன் அஞ்சுதல் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2005ஆம் ஆண்டிலே, வூட்ஸ் மாணவராயிருந்த காலத்து ஸ்டான்போர்ட்டிலே வைத்திருந்த கணக்கின் பழைய காப்புப் படிகளிலிருந்து கிரௌதரின் மூலநிரல் மீட்கப்பட்டது. ஏறத்தாழ முப்பதாண்டு அது காந்தநாடாவில் உறங்கிக் கிடந்தது. சீற்றன் ஹில் பல்கலைக்கழகத்து ஆசிரியர் டெனிஸ் ஜேர்ஸ் அதனை ஆராய்ந்து, பெட்குவில்ட் குகையின் உண்மை அமைப்போடும் ஒப்பிட்டு, 2007இல் விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார். குகையின் அறைகளும் வழிகளும் பெரிதும் உள்ளவாறே நூலுட் புகுந்திருத்தல் உறுதியாயிற்று. ஆனால் அதனோடு வேறொன்றும் வெளிப்பட்டது. கோடரி எறியும் குள்ளர் கிரௌதரின் மூலத்திலேயே உளர்; இடம்விட்டு இடம் பாய உதவும் மந்திரச் சொல்லும் அங்கேயே உண்டு; எடுத்துச் செல்லத்தக்க புதையல்களும் உண்டு. அஃதாவது, கற்பனை வூட்ஸ் செய்த இடைச்செருகல் அன்று. தம் மக்களுக்குக் குகையைக் காட்டவந்த தந்தை, தாமே அதனுட் குள்ளரையும் வைத்தார். வூட்ஸ் அத்தன்மையைப் பெருக்கினார்; கடற்கொள்ளைக்காரனைச் சேர்த்தார்; விளக்குக்கு மின்கலம் விற்கும் பொறியொன்றைக் குகைநடுவே நிறுத்தி நகைப்பும் விளைத்தார்; ஆட்டத்துக்குப் புள்ளிக்கணக்கும் வகுத்தார். இருவரிடையே உள்ள வேறுபாடு அளவினதேயன்றித் தன்மையினதன்று. மூலபாடம் கிடைத்த பின்னரே இவ்வளவும் சொல்ல முடிந்தது. அதற்கு முன் எழுந்த திறனாய்வு எத்துணை நயமுடையதாயினும் மணல்மேற் கட்டிய மனையே.

சிறியதோர் அருஞ்சொல் விளக்கத்தையும் ஈண்டுக் காட்டலாம். அட்வென்ச்சரிலே 'வை-2' என்னும் குறி பொறித்த பாறையையுடைய அறை ஒன்று உண்டு. ஆடினோர் பலர் அதனை ஏதோ ஒரு மறைக்குறி எனக் கருதியிருத்தல் கூடும். அவ்வறையிலே மந்திரச் சொல்லொன்றை உரைக்கும் குரலும் கேட்பதால் அக்கருத்துக்கு இடமும் உண்டு. உண்மையில் அது குகையை அளந்தோர் தம் அளவைத் தானத்துக்கு இட்ட வெறும் குறியீடு. அளவையாளரின் குழூஉக்குறி ஆட்டத்திற் புகுந்து மந்திரத்தின் பக்கத்தில் அமர்ந்துகொண்டது. இத்தகைய விளக்கங்களை முயன்று திரட்டியோரிற் பெரும்பாலார் இந்த ஆட்டத்தின் அன்பரே. அதற்காகச் சம்பளம் பெற்றோர் அல்லர்.

அட்வென்ச்சரின் பாடபேதங்களையும் அவர்களே வரிசைப்படுத்தினர். ஒரு கணினியினின்று மற்றொன்றுக்கு மாற்றியோரெல்லாம் தத்தமக்கு இயைந்த அறைகளையும் பொருள்களையும் சேர்த்தமையால் இந்நூலுக்குக் கிளைகள் பல. ஒவ்வொரு பிரதியும் முழுவெற்றி பெற்றார்க்கு அளிக்கும் புள்ளித்தொகையே அப்பிரதிக்குப் பெயராய் வழங்குகின்றது: 350 புள்ளிப் பிரதி, 430 புள்ளிப் பிரதி, 550 புள்ளிப் பிரதி என்றவாறு. வூட்ஸின் 1977ஆம் ஆண்டு வடிவம் 350. அவரே பின்னாளில் விரித்தது 430. அவ்விரிவு 2017இல் ஆக்கியோர் இசைவுடன் எவரும் எடுத்தாளத்தக்க நிரலாக வெளிவந்தது. ஸ்டான்போர்ட்டின் பேரறிஞர் டொனால்ட் கனூத் 1998இல் 350 புள்ளிப் பிரதியை எடுத்து, நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் கலந்து, மனிதன் படிக்கத்தக்க நூலாக அமைத்தார். மூலமும் உரையும் ஒருங்கே நிற்கும் அந்நூலை உரைநூல் என்னாது வேறெவ்வாறு கூறுவது?

இனி, இரண்டாவது பெரும் கிளைக்கு வருவாம். மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே அட்வென்ச்சரை ஆடி முடித்த நால்வர், அதனினும் சிறந்ததொன்றைச் செய்வோம் என முனைந்து 1977 முதல் எழுதியது 'ஸோர்க்'. அவர்களுட் சிலரும் நண்பரும் சேர்ந்து 1979இல் 'இன்போகொம்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் வீடுகளுட் புகுந்த சிறு கணினிகள் பலவகையின. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. நினைவகமோ மிகக் குறுகியது. ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனி எழுதுவது ஆகாத செயல். ஆகவே ஜோயல் பெரெஸ், மார்க் பிளாங்க் என்னும் இருவர் நூதனமான உபாயம் ஒன்றைக் கண்டனர். எங்குமே இல்லாத பொறி ஒன்றை மனத்தாற் படைத்தனர். 'இஸட் பொறி' எனப்படும் அதற்கு இரும்பும் இல்லை, கம்பியும் இல்லை. விதிகள் மட்டுமே உண்டு. ஆட்டங்கள் எல்லாம் அந்தக் கற்பனைப் பொறிக்கென்றே எழுதப்பட்டன. பின்னர் ஒவ்வோர் உண்மைக் கணினிக்கும், அதனைக் கற்பனைப் பொறிபோல நடிக்கச் செய்யும் இன்டர்பிரிட்டர் என்னும் சிறு நிரல் ஒன்று எழுதினாற் போதும். இன்டர்பிரிட்டரை நாம் உரைகாரன் எனலாம். கதைக்கோப்பு மூலம், அதனை இவ்விடத்தார்க்கு உணர்த்துவது உரை.

வாணிக நோக்கத்தால் எழுந்த உபாயம் இது. வருங்காலத்தார்க்குக் காத்து வைக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததற்குச் சான்றில்லை. ஆயினும் விளைவு வேறாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை வெளியிட்ட அந்நிறுவனம் 1986இல் அக்டிவிஷன் என்னும் நிறுவனத்துக்குக் கைமாறி 1989இல் மூடப்பட்டது. படங்களும் ஒலியும் நிறைந்த ஆட்டங்கள் சந்தையை நிரப்பின. எழுத்தை விலைகொடுத்து வாங்குவார் அருகினர். ஆட்டங்கள் இயங்கிய சிறு கணினிகளும் ஒவ்வொன்றாய்ப் பயன்பாடொழிந்தன. உண்மைப் பொறிகள் துருப்பிடிக்க, இல்லாத பொறியொன்று மட்டும் துருப்பிடியாது நின்றது. அதன் விதிகளை அறிவாரெனின் எவரும் எந்நாளும் அதனை மீண்டும் கட்டலாம். அறிவார் யார் என்பதே வினா. ஏனெனில் நிறுவனம் அவ்விதிகளை வெளியிட்டதில்லை.

அவற்றை வெளிக்கொணர்ந்தோர் சுவைஞர். அவுஸ்திரேலியாவிலே மாணவர் சிலர் ஒரு குழுவாய்க் கூடி, கதைக்கோப்புகளை எண் எண்ணாய் ஆராய்ந்து, விதிகளை உய்த்துணர்ந்து, 1987 அளவிலேயே தாமாக ஓர் இன்டர்பிரிட்டரை எழுதினர். அஃதாவது, நிறுவனம் மூடப்படுமுன்னரே அதன் உயிர் பிறர் கைக்கு வந்துவிட்டது. அவர் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமாயின், இரண்டு எட்டுக்கூற்று எண்களுக்குள் மூன்று எழுத்துகளை நெருக்கிவைத்த சுருக்கெழுத்தை, திறவுகோல் எதுவும் இன்றிப் படித்தறியும் வேலையை எண்ணிப் பார்க்க. தொல்லியலார் கல்வெட்டிற் காணாத லிபியைப் படிப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகுதியன்று. பின்னர் 1995இல் எழுந்த 'புரொட்ஸ்' முதலியனவும் அந்நெறியிலே வந்தவை. இன்று கைபேசி முதல் பெருங்கணினி வரை எங்கும் ஸோர்க்கை ஆடக்கூடியதாயிருப்பது இவர்களாலேயாம்.

ஆனால், படிக்கத்தக்கதாக்குதலோடு பணி நின்றிருப்பின் இக்கட்டுரை எழுத வேண்டியதில்லை. ஒக்ஸ்போர்டைச் சார்ந்த கணிதவியலாளர் கிரஹாம் நெல்சன் 1993இல் செய்ததுதான் இவ்வரலாற்றின் திருப்பம். அவர் பழைய கதைக்கோப்புகளைப் படிக்கும் முறையோடு அமையாது, அப்பொறிக்குப் புதிய கதை எழுதுதற்குரிய 'இன்போர்ம்' என்னும் மொழியை ஆக்கினார்; அதனோடு 'கேர்ஸஸ்' என்னும் தமது புதிய நூலையும் வெளியிட்டார். நான்கு ஆண்டுகளாய் இறந்துகிடந்த வடிவத்திலே புதிய ஆக்கம் ஒன்று! பழைய வீடொன்றின் பரணிலே, தட்டுமுட்டுப் பொருள்களிடையே, பாரிஸ் நகரத்து வரைபடம் ஒன்றைத் தேடுவதாக அக்கதை தொடங்குகின்றது. ஆசிரியர் கருதிச் செய்தாரோ கருதாது செய்தாரோ, பழம்பொருள் தேடுவோர் கூட்டத்திற்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் வாய்ப்பதரிது.

இங்கே காரண காரியத் தொடர்பை உற்று நோக்குதல் வேண்டும். புதிய நூல் எழுதுவோனுக்குப் பொறியின் விதிகள் ஐயந்திரிபின்றித் தெரிதல் வேண்டும். 'ஏறத்தாழ இப்படித்தான்' என்னும் அறிவு பழைய கோப்பை ஓட்டிப் பார்க்கப் போதும். புதியதைப் படைக்கப் போதாது. ஆகவே விதிகளைச் சூத்திரமாய் வகுத்த தராதர நூலொன்று தேவையாயிற்று. 1997இல் நெல்சனால் அதுவும் நிறைவேறியது. இன்டர்பிரிட்டர் எழுதுவோர் எல்லாரும் அதனைப் பின்பற்றினர். அதனால் நன்மை பெற்றது யார்? புதிய நூல்களோடு பழைய நூல்களும். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்னும் முறை இங்கே பிறழாது நிற்கின்றது: பழைய இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்பட்டது, அவ்விலக்கணத்தைக் கொண்டு புதிய இலக்கியம் எழுந்தது, புதியதன்பொருட்டுச் செம்மை செய்யப்பட்ட இலக்கணமே பழையதற்கும் அரணாயிற்று. காப்பதற்கென்றே காத்தவர்களிலும், எழுதுவதற்கென்று காத்தவர்களாலேயே இவ்வாட்டங்கள் பெரிதும் காக்கப்பட்டன என்பதே எமது துணிபு.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு. இங்கிலாந்திலே 'லெவல் நைன்', 'மக்னெற்றிக் ஸ்குறோல்ஸ்' என்னும் இரு நிறுவனங்கள் 1980களில் எழுத்தாட்டங்களை வெளியிட்டன. அவையும் தத்தமக்கெனக் கற்பனைப் பொறிகளை வகுத்துக்கொண்டிருந்தன. அன்பர்கள் அவற்றையும் ஆராய்ந்து இன்டர்பிரிட்டர்கள் எழுதியிருக்கின்றனர். அவற்றை இன்றும் ஆடலாம். ஆயின் இஸட் பொறிபோல அவை புதிய எழுத்தாளரின் பணிக்களமாகவில்லை. எழுத்தின் தரத்தில் 'மக்னெற்றிக் ஸ்குறோல்ஸ்' ஆக்கங்கள் தாழ்ந்தவை என்று யாரும் சொல்லார். ஆயினும் அவற்றை நாம் அணுகும்போது பொருட்காட்சிச்சாலையுட் புகுந்த உணர்ச்சியே எனக்கு உண்டாகின்றது. ஸோர்க்கை அணுகும்போது அவ்வுணர்ச்சி இல்லை. இது தனிமனிதச் சுவை என்று தள்ளுவாருளரேல் அவரோடு மாறுபட விரும்பேன்.

தொகுத்துச் சேர்த்தோரின் பணியையும் கூறாது விடலாகாது. 1992இல் ஜேர்மனியிலே வொல்க்கர் பிளாசியஸ் என்பார், ஆராய்ச்சி நிலையமொன்றின் கணினியில் இவ்வகை நூல்களுக்கெனக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. 2016இல் நிறுவப்பட்ட இலாபநோக்கற்ற அறக்கட்டளையொன்றின் பொறுப்பில் இன்று நடைபெறுகின்றது. 1995இல் தொடங்கிய புதிய ஆக்கங்களுக்கான போட்டியும் ஆண்டுதோறும் நடந்து வருகின்றது. அக்காப்பகத்தின்மேற் சொல்லப்படும் குறையொன்று உண்டு: நல்லதும் தீயதும் ஆய்ந்து கொள்ளாது அனைத்தையும் வாங்கி வைக்கின்றது என்பது. பள்ளிச் சிறுவன் ஒருநாட் பொழுதில் எழுதிய பிழைமலிந்த ஆட்டமும் அங்கே உண்டு என்பது மெய்யே. ஆனால் தெரிந்தெடுத்தல் திறனாய்வாளன் தொழில். காப்போன் தொழில் அன்று. கிரௌதரின் மூலநிரல் கிடைத்தது எவ்வாறு? ஒரு பல்கலைக்கழகத்தின் காப்புப்படி மாணவர் கோப்புகளை ஆய்ந்து பாராது அப்படியே விழுங்கி வைத்ததனாலன்றோ? அந்நாளில் ஒரு நல்லாசிரியர் இருந்து, 'இது வீண்விளையாட்டு, இதனை நீக்குக' என்று கூறியிருப்பின் இன்று நாம் மணல்வீட்டிலேயே குடியிருப்போம்.

எனினும் அன்பர் செய்ததெல்லாம் நன்றே என்று கூற யான் உடன்படேன். எழுத்தாட்டத்தின் உயிர் அதன் தடையிலே இருக்கின்றது. ஒன்றுபோலவே தோன்றும் பல அறைகளையுடைய சுழல்வழியொன்று அட்வென்ச்சரில் உண்டு. ஒவ்வோர் அறையிலும் கையிலுள்ள பொருளொன்றை விட்டுச் சென்று, அதனையே அடையாளமாகக் கொண்டு, தாளிலே வழிப்படம் வரைந்தாலன்றி வெளியேறுதல் அரிது. விளக்கின் ஒளியும் 330 அடைவுகளுக்கே போதும். அதற்குள் வழிகாண வேண்டும். அழித்தும் திருத்தியும் வரைந்த அந்தத் தாள் நூலின் ஒரு பகுதி. அதனை எந்தக் காப்பகமும் காக்க இயலாது, ஏனெனில் ஒவ்வொருவனும் அதனைத் தானே ஆக்க வேண்டும். ஆனால் ஆட்டங்களுக்குப் பக்கத்திலேயே, முதலடி தொடக்கம் இறுதியடி வரை என்ன தட்டெழுத வேண்டும் என்னும் முழுவிடைகளும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. மாணவன் ஒருவன் அவ்விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைமணியில் ஸோர்க்கை முடித்துவிட்டு, 'இதிலென்ன இருக்கின்றது?' என்று கேட்பின் அவன்மேற் குற்றமில்லை. அவன் படித்தது நூலை அன்று, பொழிப்பை.

இவ்விடயத்தில் இன்போகொம் நிறுவனத்தாரே நுண்ணறிவோடு நடந்தனர் எனலாம். அவர்கள் விற்ற குறிப்பேடுகளில் விடைகள் கட்புலனாகாத மையினால் அச்சிடப்பட்டிருந்தன. அதற்கென அமைந்த எழுதுகோலாற் பூசினாலன்றி எழுத்துத் தோன்றாது. ஒரு வினாவுக்கு முதலிற் சிறு சாடை, அடுத்துச் சற்றுத் தெளிவான சாடை, ஈற்றிலே விடை என்று படிப்படியாய் அடுக்கியிருந்தனர். திகைத்தவன் தனக்கு வேண்டிய அளவே பூசிக்கொள்வான். நல்லாசிரியன் மாணாக்கனுக்கு விடையை உடனே கூறாது தூண்டும் முறை இது. சுவைஞர் சிலர் இம்முறையைக் கணினியிலே போலச்செய்து, ஒன்றன்பின் ஒன்றாய்த் திறக்கும் குறிப்புகளை அமைத்திருக்கின்றனர்; அவர்களே நூலின் இயல்பை உணர்ந்து காத்தவர்கள். முழுவிடையைப் பட்டியலிட்டோர் நூலின் உடலைக் காத்தனர், அவ்வளவே.

ஆட்டப் பெட்டிகளோடு வந்த பொருள்களின் நிலையும் நோக்கத்தக்கது. 1982இல் வெளிவந்த 'டெட்லைன்' என்னும் துப்பறியும் ஆட்டத்தோடு, காவற்றுறையினர் எடுத்த வாக்குமூலங்களும் ஆய்வுக்கூட அறிக்கையும் மாத்திரைகள் சிலவும் வைக்கப்பட்டிருந்தன. குறுகிய தட்டிலே இடம்பெறாத செய்திகளைத் தாளுக்கு மாற்றிய இந்த உபாயம், கதையின் எல்லையைத் திரைக்கு வெளியே விரித்தது. 1984இல் டக்ளஸ் அடம்ஸ், ஸ்டீவ் மெரெட்ஸ்கி இருவரும் சேர்ந்தெழுதிய ஆட்டத்தின் பெட்டியில் வெறும் பையொன்று உண்டு. அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய விண்வெளிக் கப்பற்படை இருப்பதாகப் பாவனை! இவற்றின் நிழற்படங்களை அன்பர்கள் அரிதின் முயன்று சேர்த்திருக்கின்றனர். ஆனால் மெரெட்ஸ்கி 1986இல் எழுதிய 'லெதர் கொடெஸஸ் ஒவ் போபொஸ்' என்னும் நகைச்சுவை ஆட்டத்தோடு, சுரண்டினால் மணம் வீசும் அட்டையொன்று வந்தது. கதையின் குறித்த கட்டங்களிலே குறித்த எண்ணைச் சுரண்டி முகர்க என ஆட்டம் பணிக்கும். அட்டையின் படம் இன்று கிடைக்கின்றது. படத்தைச் சுரண்டுதல் இயலாது. அவ்விடங்களில் எழுத்து, மணம் தரும் செய்தியை மணத்திற்கே விட்டுவிட்டு மேலே செல்லுதலால், இன்று படிப்பவனுக்கு நகைச்சுவையின் பாதி புலப்படாது. இதற்கு உரை எழுதுவோன் 'ஈண்டு இன்ன மணம்' என்று குறிப்பு வரைய வேண்டியதுதான்.

இறுதியாக உரிமை பற்றிய செய்தி. காத்தோர் பலர் சட்டப்படி உரிமையுடையோர் அல்லர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆவணப்பட ஆசிரியரும் காப்பாளருமாகிய ஜேசன் ஸ்கொட் என்பார், மெரெட்ஸ்கி சேர்த்து வைத்திருந்த இன்போகொம் நிறுவனத் தாள்களைப் படமெடுத்து இணையக் காப்பகத்திற் சேர்த்தார்; 2019 ஏப்பிரலில் அந்நிறுவனத்து ஆட்டங்களின் மூலநிரல்களையும் பொதுவிலே வைத்தார். அதற்கு உரிமையாளரின் அனுமதி முன்னரே பெறப்பட்டதன்று. இதனைக் களவு என்பாரும் உளர். அம்மூலநிரல்களை வெளியிடாமற் கிடக்கவிட்ட உரிமையாளர் ஒருபுறம். அழியுமுன் எடுத்துவைத்தவர் ஒருபுறம். யான் இரண்டாமவர் பக்கமே நிற்பேன். எனினும் நிறுவனத்துட் பணிபுரிந்தோர் தமக்குள் எழுதிக்கொண்ட மடல்களை அவர் கருத்தறியாது உலகறியச் செய்தல் வேறு, முன்னரே வெளிவந்த நூலின் மூலத்தைக் காத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணும் மயக்கம் அன்பர் சிலரிடம் உண்டு. அது திருந்துதல் வேண்டும்.

அக்டிவிஷன் நிறுவனம் 2023இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்கு உடைமையாயிற்று. 2025 நவம்பரில் மைக்ரோசொப்ட், ஸோர்க்கின் மூன்று பகுதிகளுக்கும் உரிய மூலநிரலை எவரும் எடுத்தாளலாம் என முறைப்படி இசைவளித்தது. புதிய இடமொன்றை அமைக்காது, ஸ்கொட் முன்னர் வைத்த அதே தொகுதிகளில் உரிமக் குறிப்பைச் சேர்த்தது. அனுமதியின்றிச் செய்யப்பட்டதே அனுமதிக்கு இருப்பிடமாயிற்று. இன்போகொம் தன் ஆட்டங்களை எழுதியது ஸில் என்னும் தன் சொந்த மொழியிலே. அம்மூலத்தை இன்று கதைக்கோப்பாக மாற்றுவதற்கு அன்பர்கள் தாமே ஆக்கிய 'ஸில்ப்' என்னும் கருவி உதவுகின்றது. அதனைக் கொண்டு மாணவன் ஒருவன் ஸோர்க்கின் மூலத்தைத் திறந்து, ஓர் அறையைச் சேர்த்து, மீண்டும் கதைக்கோப்பாக்கி ஆடிப் பார்க்கலாம். அவ்விசைவு நிரலுக்கு மட்டுமே உரியது. பெட்டி, விளம்பரப் பொருள், வணிகக்குறி ஆகியன அதனுள் அடங்கா. 'டெட்லைன்', 'பிளானெற்போல்', 'டிரினிற்றி' முதலிய ஏனைய ஆட்டங்களும் அவ்வறிவிப்பிற் சேர்க்கப்படவில்லை.